மாஸ்டரின் இரண்டாவது பிரேக்

எங்கள் டிரைவிங் மாஸ்டருக்கு, வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாதென்ற சட்டம் என்றாலே ஆகாது. "கவனமில்லாம ஓட்டினா ஏற்கெனவே தண்டனை இருக்கு. போனுக்கு எதுக்குத் தனிச் சட்டம்? நாளைக்குத் தும்மினாலும் ஃபைன் போடுவாங்களா?" என்று பொரிந்து தள்ளுவார். பக்கத்து இருக்கையில் அவருக்கென்று ஒரு பிரேக் உண்டு. இருபத்திரண்டு வருடமாக, ஓடும் வண்டியில் அதைவிட்டு அவர் கால் எடுத்ததில்லை.

இன்று காலை நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்த மருமகன்தான். "நானா ஓட்டுறேன்?" என்றபடி எடுத்தார்.

"ரெட்டைப் பொண்ணா? நெசமாவா?" என்று துள்ளினார். எனக்கும் உடம்பெல்லாம் பரபரத்தது. அதற்குள் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. நானே பிரேக்கை மிதித்தேன். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். இரண்டு கால்களும் சீட்டின் மேல் சம்மணமிட்டிருந்தன. எப்போது ஏறின என்று அவருக்கே தெரியவில்லை.

"தாத்தா ஆயிட்டீங்க, சந்தோஷம். இப்ப சொல்லுங்க மாஸ்டர், அந்தச் சட்டம் வேணுமா வேண்டாமா?" என்றேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அவர் போனை அணைத்துப் பின்சீட்டில் போட்டார்.

"தும்மினப்போ ஒருநாளும் கால் நகர்ந்ததில்லம்மா" என்றார்.