கிண்ணம் உடைந்த இடுப்பு

சின்னாளப்பட்டியில் உறவினர் வீட்டுக் கல்யாணம் முடிந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். குறுக்கே நாய் ஓடியது. என் கணவர் காதர் ஒரு பக்கம் விழுந்தார், நான் மறுபக்கம். அவர் உடனே எழுந்துவிட்டார். நானும் எழுந்துவிடலாம் என்று வலது காலை இழுத்தேன். வரவில்லை. ரத்தம்கூட இல்லை.

"எந்திரி நூரு, ஒண்ணுமில்ல" என்றார்.

"கால் எங்க இருக்குன்னே தெரியலைங்க."

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு மருத்துவர் இடது உள்ளங்கையைக் குழித்து, அதில் வலது முஷ்டியை வைத்துச் சுழற்றிக் காட்டினார்.

"இடுப்பெலும்பு பொறக்கும்போது மூணு துண்டும்மா. வளர வளர ஒட்டி ஒண்ணாயிரும். மூணும் சேர்ற எடந்தான் இந்தக் கிண்ணம். தொடை எலும்போட உருண்டை இதுக்குள்ளதான் சுத்தும். உங்களுக்குக் கிண்ணம் உடைஞ்சிருக்கு."

அதற்குப் பெயர் அசிட்டாபுலம் (இடுப்பெலும்பின் கிண்ணக்குழி). குத்துக்காலிட்டுப் பாத்திரம் துலக்கியது, டவுன் பஸ் படியேறியது, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தது எல்லாம் அதற்குள்தான் சுழன்றிருக்கின்றன. அப்படி ஒன்று எனக்குள் இருப்பதே உடைந்த பிறகுதான் தெரிந்தது.

பிளேட் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். ஊன்றாமல் படுத்திருந்தால் கிண்ணம் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். படுத்திருந்தேன். தையல் பிரித்த பின் ஒரு மாலை காய்ச்சல் வந்தது. இடுப்புக்கடியில் துணி ஈரமாக இருந்தது. காதர் மோந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிருமித் தொற்று. திறந்து கழுவினார்கள். மறுபடி கழுவினார்கள். ஊசி குத்தக் கையில் நரம்பு கிடைக்காமல் போனது. அதற்குள் தொடை எலும்பின் உருண்டையைக் கிருமி அரித்துவிட்டது.

"பிளேட்டையும் உருண்டையையும் எடுத்தாகணும்மா. இல்லாட்டிக் கிருமி போகாது" என்றார் மருத்துவர்.

"எடுத்துட்டா அங்க என்ன இருக்கும் சார்?" என்று கேட்டேன்.

"சதையும் தழும்பும் புடிச்சு நிக்கும். மூட்டு இருக்காது."

"செயற்கை மூட்டு வைக்கலாம்ல?" என்றார் காதர்.

"கிருமி முழுசா அடங்கட்டும், பாக்கலாம். இப்பவே வாக்குக் குடுக்க முடியாதுங்க."

எடுத்தார்கள். கிருமி அடங்கவில்லை. இடுப்போரத்தில் சைனஸ் (சீழ் கசியும் சிறு துளை) இன்னும் மூடவில்லை. கால் குட்டையாகிவிட்டது. வாக்கரைப் பிடித்து ஊன்றும்போது, தொடை எலும்பு மேலே ஏறிச் சதைக்குள் முட்டுகிறது. என் பாரத்தை வாங்கிக்கொள்ள உள்ளே எதுவும் இல்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் இதைப் படிக்கலாம். நல்ல சேதியாக எதையும் நான் எழுதவில்லை. 'கொஞ்ச நாள்ல சரியாயிரும்' என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். தலையாட்டிவிடுங்கள். விளக்கிச் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டும். காயம் ஈரமானால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காதர் செருப்பை மாட்டிக்கொண்டு, "செத்த நேரம் வாசல்ல நிப்போமா? வெயில் எறங்கிருச்சு" என்றார்.

"நீங்க முன்னால போங்க, வாரேன்" என்றேன்.

கட்டில் விளிம்புக்கு நகர்ந்தேன். காலைக் கையால் தூக்கிக் கீழே வைத்தேன். வலி அடங்கக் காத்திருந்தேன். எழுந்தேன். வாக்கரை நகர்த்தினேன், நின்றேன், மறுபடி நகர்த்தினேன். வாசலுக்கு வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, செருப்போடு, அவர் தூங்கிப்போயிருந்தார்.

நான் எழுப்பவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. போவதென்றால் வந்த பாடு முழுவதும் இன்னொரு முறை.