வேர்வைப் போர்வையும் ஒற்றைச் செருப்பும்

வேர்ப்பதற்குக் காசு கொடுப்பீர்களா, அதுவும் நம் புதுச்சேரியில்? கொடுக்கிறார்கள். அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நெல்லித்தோப்பில் பிரஷர் மெஷின், கால் மசாஜர், எடை பார்க்கிற தட்டு எல்லாம் விற்கிற ஒரு கடையில் சேல்ஸ் பார்க்கிறேன். போன வருடத்திலிருந்து இன்ஃப்ராரெட் போர்வையும் வந்திருக்கிறது. பார்க்க ஒரு பெரிய பை மாதிரி இருக்கும். உள்ளே படுத்து, கழுத்து வரைக்கும் ஜிப் போட்டு, சூட்டை ஏற்றினால் அரை மணி நேரத்தில் ஆள் தொப்பலாக நனைந்துவிடுவார். கடையில் நாங்கள் வைத்த பேர் 'வேர்வைப் போர்வை'. நாளெல்லாம் கவுண்டரில் நின்று கால் வீங்கிய அக்கா தங்கச்சிகளே, இது உங்களுக்காகத்தான்.

கரன்ட் போனால் இலவசம்

போர்வை வந்த முதல் வாரம். சொல்ல வேண்டியதை எல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். தெர்மாமீட்டர் வாங்க வந்த ஒரு அம்மாவைப் பிடித்து நிறுத்தி, உடம்பு லேசாகும், நல்ல தூக்கம் வரும், ரிமோட் இருக்கிறது, டைமர் இருக்கிறது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அந்தம்மா காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். உள்துணியைத் தடவிக்கூடப் பார்த்தார். முதல் போர்வை போயிற்று என்று நான் பில் புத்தகத்தை எடுத்தேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்:

"இம்மாம் நேரம் மூச்சு வாங்கப் பேசிட்ட, பாவம். எங்க தெருவுல கரன்ட் போனா இதெல்லாம் சும்மாவே நடக்கும்மா."

படுத்துப் பார்க்கிறேன்

பிரான்சிலிருந்து லீவில் வந்தவர் ஒருவர். 'போன்ழூர்' சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். போர்வை வாங்கும்போது முதலில் நீளம் பார்க்க வேண்டும். தலை வெளியே இருக்கணும், கால் மடங்கக் கூடாது. இதைச் சொன்னதுதான் தாமதம், "அப்ப படுத்தே பாத்துடுறேன்" என்று கடை நடுவில் படுத்துவிட்டார். ஜிப் நெஞ்சு வரைக்கும் வந்தது. அப்புறம் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சூட்டை அணைத்துவிட்டு, நானும் என்னோடு வேலை பார்க்கிற செல்வி அக்காவும் ஜிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு இழுத்துக்கொண்டிருந்தோம். மனுஷன் ஏ.சி. காற்றில் கண்ணை மூடித் தூங்கியே போனார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். படுத்திருந்தவரின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். பிறகு செல்வி அக்கா காதோரம் குனிந்து கேட்டார்:

"எத்தினி மணிக்கு எடுக்குறாங்க?"

வீட்டில் ஒரு பரீட்சை

எங்கள் முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். "நீயே படுத்துப் பாக்காம எப்படிம்மா விப்ப?" என்று ஷோகேஸில் இருந்ததை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அதில் சில விஷயம் கற்றேன். உள்பக்கம் ஈரத்துணியால் துடைக்கிற மாதிரி இருக்கணும். நேரம் முடிந்தால் தானாக அணையணும். முதல் நாளே சூட்டை ஏற்றக் கூடாது. காட்டன் நைட்டி போட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கணும். ஆனால் உண்மையான பலன் எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை. கை இரண்டும் உள்ளே இருப்பதால் என் மூன்று வயது மகள் அரை மணி நேரம் என்னைப் பிடித்து இழுக்க முடியவில்லை!

சேதராப்பட்டு ஃபாக்டரியில் உலைப் பக்கம் நிற்கிற என் வீட்டுக்காரர், ஷிஃப்ட் முடிந்து வந்து எட்டிப் பார்த்தார்:

"எட்டு மணி நேரம் இதத்தான் நானும் பண்றேன். எனக்கு சம்பளம் குடுக்குறாங்க."

வாசலில் கிடந்தது

சாரம் பகுதியிலிருந்து கோவிந்தன் ஐயா மனைவியோடு வந்தார். மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், முதுகு வலி. நான் பேசுவதற்கு முன்பே "நல்லதா ஒண்ணு எடுத்துப் போடும்மா" என்றார். இப்படி ஒரு கஸ்டமர் கிடைத்தால் யாருக்குத்தான் கேள்வி கேட்கத் தோன்றும்? இதயக் கோளாறு, பிரஷர் உண்டா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக் கையாட்டி அனுப்பினேன்.

மறுநாள் காலை வாசல் கூட்டின செல்வி அக்கா, விளம்பரப் பலகைக்கு அடியிலிருந்து ஓர் ஆண் செருப்பை எடுத்தார். இடது கால் செருப்பு. ஐயா ஆட்டோவில் ஏறினபோது விட்டதுதான். "ஒத்தச் செருப்போட வீடு வரைக்கும் போயிருக்காரு!" என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாய் மட்டும் சிரிக்கவில்லை. பாய்க்கே பத்து வருடமாக சர்க்கரை, கால் மரத்துப்போவது அவருக்குத் தெரியும். செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மரத்துப்போன காலும்மா இது. செருப்பு கழண்டதே தெரியலன்னா, சூடு மட்டும் தெரியுமா?"

சாரம் வரைக்கும்

பெட்டிக்குள் இருக்கிற தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, தொடு உணர்ச்சி இல்லாதவர்கள் உபயோகிக்கக் கூடாது என்று. நான் படித்ததுதான். கேட்கவில்லை. பில்லில் இருந்த நம்பருக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, பில்லில் இருந்த விலாசத்துக்கு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் கண்ணுக்குள் அந்தக் கால்தான். கொப்பளித்தாலும் அவருக்குத் தெரியாதே, அவருக்கும் சர்க்கரை இருந்தால் புண் ஆறாதே என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஐயா கட்டிலில் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு உயிரே போயிற்று. ஓடிப்போய் இழுத்தேன். பூப்போட்ட சாதா பெட்ஷீட்! அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார, சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி ஓடி வந்தார்.

"போர்வை எங்கம்மா?"

"வூட்டுக்கு வந்தப்புறந்தான் காலண்டரப் பாத்தேன். நேத்து அஷ்டமி, இன்னிக்கி நவமி. நாளைக்கி தசமி, நாளைக்கிப் பிரிப்போம்னு வச்சிருக்கேன்."

சாமி படத்துக்குக் கீழே, மஞ்சள் குங்குமம் வைத்து, டேப் கூடப் பிரிக்காமல் பெட்டி உட்கார்ந்திருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஐயாவின் பாதத்தில் விரலை அழுத்தித் தெரிகிறதா என்று கேட்டேன். "நாலு வருஷமாவே மரமரன்னுதான் இருக்கு. முதுகுக்குத்தானே வாங்கினேன், காலை ஏம்மா நோண்டுற?" என்றார். விவரத்தைச் சொன்னேன். சர்க்கரை பார்க்கிற டாக்டரிடம் காலைக் காட்டச் சொன்னேன். பெட்டியைத் திருப்பி எடுக்கிறேன் என்றதற்குச் சரியென்று தலையாட்டினார். ஸ்கூட்டியில் வைத்துக் கட்டும்போது மட்டும் வாசலுக்கு வந்து கேட்டார்:

"பொட்டிய எடுத்துக்கினு போ தாயி. அந்தச் செருப்ப மட்டும் குடுத்துட்டுப் போ, நேத்துலேந்து இவ என்னை வையுறது தாங்கல."

வேர்க்க வைக்கிற சாமானை விற்கிற எனக்கு ஒரு நிமிஷம்கூடச் சூட்டை ஏற்றாமல் தலையோடு கால் வேர்த்தது அன்றைக்குத்தான். அதனால், எங்கள் கடைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து போகும்போது இரண்டு காலிலும் செருப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.