தார் பூசிய கற்கள்

நனைந்தால்தான் அந்தக் கல்லில் சிவப்பு தெரியும். காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல் நிறப் பாறை. அலை கழுவிவிட்டுப் போனதும் மாதுளை முத்துகளைப் பதித்ததுபோல் உடம்பெங்கும் புள்ளிகள். திருவொற்றியூர்க் கடலோரம் எங்கள் குப்பத்தில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களில் அதை முதலில் கண்டவர் யாரென்று தெரியாது. சுதந்திரம் வந்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். ஆண்டைச் சரியாகச் சொல்ல முடியாதது இன்றும் உறுத்துகிறது. மாதம் ஐப்பசி, அதில் சந்தேகமில்லை.

முந்தைய மழைக்காலத்தில் கடல் முன்வரிசை வீடுகளைக் கொண்டுபோயிருந்தது. அடுத்த வரிசையில் இருந்த என் சித்தியின் வீடு இப்போது முன்வரிசை. அதற்கும் கடலுக்கும் நடுவே இந்தக் கற்கள் மட்டுமே.

கெம்பு, அசல் மாணிக்கக் கல் என்ற பேச்சு ஒரே வாரத்தில் பரவியது. பகலெல்லாம் உளிச் சத்தம். மீன் பாடு இல்லாத நாட்கள். யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. துறைமுகக் கிடங்கில் எழுத்தராக இருந்த நான், படித்ததைச் சொல்லிப் பார்த்தேன். இது கார்னெட், கெம்புபோலவே சிவக்கும் மலிவான கல். எந்தக் காலத்திலோ நீரடியில் படிந்த சேறு, மேலே மண் ஏற ஏறப் பல மைல் ஆழத்துக்குப் புதைந்து, வெந்து, நசுங்கி, உருகாமலே உருமாறுகிறது. அதிலிருந்த இரும்பும் அலுமினியமும் சிலிக்காவும் இடம்மாறிச் சேர்ந்து மணியாகத் திரள்கின்றன. அலுமினியம் மிகுந்து, சிலிக்கா குறைந்து, துளி குரோமியமும் இருந்தால் அதே வெக்கையில் உண்மைக் கெம்பே பிறக்கலாம். இது அதுவல்ல. உள்ளெல்லாம் விரிசல், உளி பட்டால் தூள்.

பக்கத்து வீட்டு வலைக்காரர் சிரித்தார். "கெடங்குல குந்திகினு நீ இன்னா கல்லக் கண்ட, நைனா? எங்கள தொரத்திட்டு நீயே அள்ளிக்கலாம்னு பாக்கிறியா?"

சித்திக்கு அந்த வாதத்தில் அக்கறையே இல்லை. "கெம்போ கூழாங்கல்லோ, எனக்கு இன்னா? கல்லு போனா வூடு போச்சு" என்றாள். படகுக்குப் பூச வைத்திருந்த தாரைக் காய்ச்சி, தன் வீட்டுக்கு எதிரே கிடந்த கற்களுக்கெல்லாம் பூசினாள். சிவப்பு கண்ணில் படாவிட்டால் உளி படாது என்பது அவள் கணக்கு. முழங்கை வரை கறுப்பு.

சித்தப்பா கேலி செய்தார். "இன்னாம்மே, கல்லுக்கு மை வெச்சிகினு கீற? அதுக்குக் கண்ணாலமா?"

"உன் வூட்டுக்குக் கருமாதி வராம இருக்கத்தான்யா."

வந்தது. அவள் மூடி வைத்திருக்கிறாள் என்றால் அடியில் பெரிய கெம்பு இருக்கிறது என்று குப்பமே முடிவு செய்தது. மற்ற கற்களை விட்டுவிட்டுத் தார்க் கற்களைத் தேடி வந்தார்கள். கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போயிற்று. ஒருநாள் அவள் இராயபுரத்துக்கு மீன் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் பாதிக் கற்கள் பிளந்து கிடந்தன. ஆழத்தில் நசுங்கியபோது விழுந்த வரிகள் இந்தப் பாறையில் அடுக்கடுக்காக ஓடும். உளிக்கு அந்த வரி அகப்பட்டால் போதும். ஆள் உயரக் கல்லை அலையால் அசைக்க முடியாது. சில்லுகளை உருட்டிக்கொண்டு போய்விடும்.

கார்த்திகைப் புயலில் கடல் சரியாக அந்தக் கற்கள் போன இடைவெளி வழியாகத்தான் உள்ளே வந்தது. முதலில் அடுப்படி, பிறகு சுவர்கள். உயிர்ச்சேதம் இல்லை.

அந்த இடம் இன்று கடலுக்குள் இருக்கிறது. அதற்கு இப்பால் இன்னும் பெரிய கற்களைக் குவித்திருக்கிறார்கள். கால் ஒத்துழைக்கும் நாட்களில் போய்ப் பார்க்கிறேன். அவற்றிலும் சிவப்பு உண்டு. தூண்டில் போட வரும் இளைஞர்கள் அவற்றின்மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

அன்று புயல் ஓய்ந்த காலை, வீட்டில் மிஞ்சிய மரச்சட்டங்களைத் தண்டையார்பேட்டை வாடகை அறைக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். வலைக்காரர் வந்து தலைகுனிந்து நின்றார். சித்தி நிமிர்ந்து பார்த்தாள். குரல் இன்னும் தெளியவில்லை.

"கெடச்சிதா?"

"இல்லக்கா."

"அப்ப இத்தப் புடி" என்று வாசற்காலின் ஒரு முனையை அவர் தோளில் வைத்தாள்.