மூன்றாவது லைன் டோக்கன்

எங்கள் ஷூ கம்பெனியில் பாத்ரூம் போகவேண்டும் என்றால் டோக்கன் எடுக்கவேண்டும். ஒரு லைனுக்கு ஒரே டோக்கன். எங்கள் மூன்றாவது லைனின் டோக்கன், அளவு தப்பிக் கழித்துப்போட்ட ஒரு லேடீஸ் ஷூவின் சோல். அதில் சிவப்பு பெயிண்டால் 3 என்று எழுதி, ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, என் மேஜைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருப்போம். எடுத்துப் போனவர் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவர் போகலாம். இந்தப் பழக்கத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் என்னைப்போல் கறாராக அதைக் கட்டிக் காத்த சூப்பர்வைசர் ஆம்பூரிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

பெருமைதான், வேறென்ன. கணியம்பாடியில் கடலை பிடுங்கிய குடும்பம் எங்களுடையது. நான் பதினெட்டு வருடம் தையல் மிஷினில் குனிந்திருந்துவிட்டு சூப்பர்வைசராக நிமிர்ந்தவள். லைனின் தலைப்பில் ஒரு வெள்ளை போர்டு உண்டு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை ஜோடி முடியவேண்டும் என்று ஒரு பக்கமும், எத்தனை முடிந்தது என்று மறுபக்கமும் எழுதுவோம். நான் பேனா பிடித்த நாளிலிருந்து மறுபக்கத்தில் குறைந்த எண்ணை எழுதியதில்லை. எழுதும் நிலைமை வர விட்டதில்லை.

என் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான். அவருக்கு லாஸ்டிங் மிஷின். தைத்து வரும் மேல்தோலைக் கால் வடிவ அச்சின்மேல் இழுத்து ஒட்டுகிற வேலை. முன்பு வேறு ஹாலில் இருந்தார். அந்த ஹாலை மூடியபோது அவரை என் லைனுக்கு மாற்றினார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “ஒண்ணும் பிரச்சினை வராதேம்மா?” என்று கேட்டார்.

“லைனுக்குள்ள எனக்குப் புருஷன் கிடையாது சார். ஒர்க்கர்தான்” என்றேன்.

அந்தப் பேச்சு கம்பெனி முழுக்கச் சுற்றிவந்தது. கேண்டீனில் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. அவரோ மறுநாள் முதல் லைனுக்குள் என்னை “மேடம்” என்று கூப்பிட ஆரம்பித்தார். வீட்டில் “இன்னாமே, சாப்டியா” என்பவர் அங்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு “மேடம், டோக்கன்” என்பார். கண்ணில் மட்டும் குறும்பு தெரியும்.

அந்த டோக்கனை அவர் அடிக்கடி கேட்க ஆரம்பித்தார். ஒரு ஷிப்டுக்கு இரண்டு முறை மூன்றாகி, நான்காகி, ஐந்தாயிற்று. பீடி குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு ஐம்பத்தேழு வயது. அந்த வயதில் ஆண்களுக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் புருஷன் என்பதால் சலுகை காட்டுகிறேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

ஷிப்மென்ட் நெருக்கடியான ஒரு நாள் மத்தியானம் ஐந்தாவது முறையாக வந்து நின்றார். நாற்பது பேர் காதில் விழும்படி சொன்னேன்.

“உக்காந்து வேல பாக்கறவங்களே ரெண்டு வாட்டிதான் போறாங்க. நீங்க இன்னா, தண்ணித் தொட்டியா? வேல முடியட்டும், அப்பறம் போலாம்.”

பெண்கள் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினார். போர்டில் அன்றைக்கும் குறையாத எண்ணை எழுதினேன்.

மறுநாளிலிருந்து அவர் டோக்கன் கேட்பது நின்றுபோனது. ஒரே பேச்சில் ஆளைத் திருத்திவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் காலையில் நான் நிரப்பிக் கொடுக்கும் சீரகத் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. ஆம்பூர் வெயிலில், சூடு கக்கும் அந்த மிஷின் முன்னால், மனிதர் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார். கேட்டால், “கம்பெனில குடிச்சிக்கிறேன்” என்றார். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவருக்குச் சிறுநீர் சுத்தமாக அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாகி, வேர்த்துக் கொட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டோவில் ஏற்றி ஆம்பூரிலேயே ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். குழாய் போட்டுச் சிறுநீரை வெளியே எடுத்த பிறகுதான் அவருக்கு முகத்தில் உயிர் வந்தது. மாத்திரை கொடுத்து, சில நாள் கழித்துக் குழாயை எடுத்தபோது டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் பரிசோதித்துப் பார்த்தார். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

“மூத்திரப்பை அடியில ப்ராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. அது வீங்கி இருக்கு. வயசுக்கு அது சகஜம். ஆனா ஒரு பக்கம் மட்டும் கெட்டியா தட்டுது. வேலூர்ல காட்டிடுங்க. தள்ளிப் போடாதீங்க.”

அவர் தள்ளித்தான் போட்டார். எங்கள் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் பழி தண்ணீர்மேல்தான் விழும். தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இருக்கிற ஊர். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் கிட்னியில் கல் வந்தாலும், தலைமுடி கொட்டினாலும், மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும் எல்லாம் தண்ணீர்தான். “தண்ணிதான் காரணம். எங்க ஊரு கலவைக்குப் போய் அண்ணன் வீட்டுக் கிணத்துத் தண்ணிய ஒரு மாசம் குடிச்சா எல்லாம் சரியாப் போயிடும்” என்று பையில் துணியை அடுக்கினார்.

நான் பையைப் பிடுங்கிக்கொண்டேன். அப்போதுதான் உண்மையைச் சொன்னார்.

“வேலூருக்குப் போனா அதுக்கு ஒரு பேரு வெச்சிடுவாங்கமே.”

என் புருஷன் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழத் தெரிவதைவிட அதட்டத்தான் நன்றாகத் தெரியும்.

“வங்காளத்துலேர்ந்து ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து வேலூருக்கு வைத்தியம் பாக்க வர்றாங்க. ஜனங்க அங்க ரூம் எடுத்து, ஸ்டவ் வாங்கி, சமைச்சுச் சாப்ட்டு வைத்தியம் பாத்துக்கிறாங்க. இங்க பக்கத்துல, பஸ் ஏறுனா போற தூரத்துல இருக்கிற உங்களுக்கு இன்னா கேடு? நாளைக்கு ஆறரை மணி பஸ். ரெண்டு பேருக்கும் லீவு போட்டாச்சு.”

“சரி மேடம்” என்றார். வீட்டில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்போது சொல்லிவிட்டேன். “அன்னிக்கு டோக்கன் குடுக்காதது என் தப்பு.” அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, “லைன்ல நீ செஞ்சது கரெக்ட்தான். என் மிஷின் நின்னா பின்னாடி பத்து பேரு நிப்பாங்க இல்ல” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வேலூரில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பிறகு அந்தச் சுரப்பியில் ஊசியால் பல இடங்களில் துணுக்கு எடுத்துச் சோதிப்பது என்று வாரங்கள் ஓடின. கடைசியில் பெயர் வைத்துவிட்டார்கள். கேன்சர். அந்த டாக்டர் நிதானமானவர். படம் போட்டுக் காட்டினார். அடிக்கடி போகவேண்டி வந்தது வீக்கத்தால். கேன்சர் சத்தமில்லாமல் அதற்குள் இருந்திருக்கிறது. வீக்கத்துக்காக வந்ததால் மாட்டிக்கொண்டது. இன்னும் சுரப்பியைத் தாண்டி வெளியே போகவில்லை. கதிர்வீச்சும் கொடுக்கலாம், ஆபரேஷனும் செய்யலாம் என்றார். இரண்டிலும் உள்ள நல்லது கெட்டதைச் சொன்னார். ஆபரேஷன் செய்தால் சில வாரம், சிலருக்குப் பல மாதம் சிறுநீர் கசியும். புருஷன் பெண்டாட்டி உறவிலும் குறை வரலாம்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், “அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் டாக்டர். எனக்கு மொதல்ல ஆளு வேணும்.”

அந்த அறையில் அப்படிச் சொன்னதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் பெருமை உண்டு. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, “ஆபரேஷனே பண்ணிடுங்க சார். திரும்ப மிஷின்ல நிக்கணும்” என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் குழாயும் பையுமாக இருந்தார். குழாயை எடுத்தபின் டாக்டர் சொன்னபடியே கசிந்தது. இருமினால் கசியும், எழுந்தால் கசியும். கடையில் விற்ற பேட் பேன்ட்டுக்குமேல் புடைத்துக்கொண்டு தெரிந்தது. நான் எதற்கு இருக்கிறேன்? ஷூவுக்குள் வைக்கும் மெல்லிய லைனிங் துணியைப் பருத்தியோடு சேர்த்து, துவைத்துப் போடுகிற மாதிரி, வெளியே தெரியாத மாதிரி ஆறு உள்ளாடை தைத்தேன். கசிவு நிற்பதற்காக அடித்தசையை இறுக்கி விடும் பயிற்சிக்கு நானே சூப்பர்வைசர். “ஒண்ணு, ரெண்டு, விடாதீங்க, மூணு” என்று காலை, சாயங்காலம், ராத்திரி எண்ணினேன். “வீட்லயும் டார்கெட்டா?” என்று முனகிக்கொண்டே செய்தார். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் அந்த நோயின் தடயம் ஏதும் தெரியவில்லை. டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார்.

ஆனால் அவர் போகமாட்டேன் என்றார். கசிவு முக்கால்வாசி நின்றிருந்தது. ஆனாலும், “லைன்ல நின்னுட்டே நனைஞ்சிட்டா? நாப்பது பேரு. நான் வீட்லயே இருந்துடறேன்” என்றார். மிஷினில் திரும்ப நிற்கவேண்டும் என்றுதானே அந்த ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டார். கேன்சர் கொண்டுபோக முடியாத ஆளை வெட்கம் கொண்டுபோகப் பார்த்தது. அந்த வெட்கத்தை நாற்பது பேர் முன்னால் அவருக்குக் கொடுத்தவள் நான். அதை நான்தான் அங்கே போய்த் திரும்ப வாங்கவேண்டும்.

மிஷின்கள் ஓட ஆரம்பிக்கும் முன் தினமும் காலையில் லைன் கூடி ஐந்து நிமிடம் பேசுவோம். மறுநாள் அங்கே டார்கெட்டைச் சொல்லாமல் இதைச் சொன்னேன்.

“அன்னிக்கு அவருக்கு டோக்கன் குடுக்காம நான் கிண்டல் பண்ணேன், நீங்க சிரிச்சீங்க. அவருக்கு ப்ராஸ்டேட்ல கேன்சர். ஆபரேஷன் ஆயி இப்ப நல்லா இருக்காரு. மூத்திரம் இன்னும் கொஞ்சம் கசியுது. அவரு திரும்ப வரணும். வந்தா எத்தினி வாட்டி வேணாலும் போவாரு. இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. அம்பது தாண்டுன ஆம்பளைங்க யாருக்காவது இந்த மாதிரி இருந்தா, தண்ணிமேல பழி போடாம டாக்டர்கிட்ட போங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்தபின், லைனில் பசை தடவுகிற, நாங்கள் பாய் என்று கூப்பிடும் முஸ்லிம் ஒர்க்கர் என் மேஜைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். “எனக்கும் ரெண்டு வருஷமா இப்டித்தான் கீதும்மா. ரொம்ப பேஜார். வெளிய சொல்ல முடியல” என்றார்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. “ஊருக்கே தம்பட்டம் அடிச்சிட்டியா?” என்று என் வீட்டுக்காரர் கத்தினார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பாய் வந்து வாசலில் நின்றார். அந்த டெஸ்ட் எப்படி இருக்கும், விரல் விட்டுப் பார்ப்பார்களாமே, வலிக்குமா என்று இவரிடமே கேட்டார். நான் டீ போடப் போய்விட்டேன். உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம்கூடச் சொல்லாததை எல்லாம் இவர் அவரிடம் சொன்னார். “வலி கம்மிதான் பாய். வெக்கம்தான் ஜாஸ்தி. அதுவும் ரெண்டு நிமிஷத்துல போயிடும்” என்றார். டீ இரண்டு முறை போடவேண்டியிருந்தது. அடுத்த வாரம் பாயை வேலூருக்கு இவரே அழைத்துப்போனார். பாய்க்கு வெறும் வீக்கம்தான். மாத்திரையோடு முடிந்தது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

பத்தரை மணி இருக்கும். மிஷினை நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தார். கையைக் கட்டவில்லை.

“மேடம், டோக்கன்.”

ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எங்கள் லைனில் எல்லாரும் அந்த சோலைச் சட்டைக்குள்ளோ முந்தானைக்குள்ளோ மறைத்துக்கொண்டு வேகமாகப் போவார்கள். இவர் கயிற்றை விரலில் மாட்டித் தொங்கவிட்டபடி, ஹாலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாக நடந்தார். பாய் பசைத் தூரிகையைத் தூக்கி சலாம் வைத்தார். நின்றுபோன இவர் மிஷினுக்குப் பின்னால் பத்து பேர் வேலையில்லாமல் சும்மா நின்றார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. என் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்து ஜோடி குறைந்தது. நான் பேனாவை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போய், அந்தக் குறைந்த எண்ணை ஹாலின் கடைசியில் நிற்பவருக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினேன்.