குத்தூசி பட்ட அட்டைகள்

சென்னையில் பொறியியல் படிக்கும் என் அண்ணனுக்குக் கணிப்பொறி என்றால் பித்து. கல்லூரிக் கணிப்பொறியில் தம் கணக்கை ஓட்டிப் பார்க்க, பருவத்துக்கு ஒரே ஒரு முறைதான் அவருக்கு அனுமதி. அந்தக் கணக்கின் வரிகளை எழுத்துக்கு எழுத்து துளைகளாகப் பதித்த துளையட்டைகளை விடுமுறையில் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்தவர், பஸ் நிலையத்தில் கைதவறிக் கொட்டிவிட்டார். அட்டைகளின் மேல்விளிம்பில் அச்சாகியிருந்த வரிகளைப் படித்து, நான்தான் பொறுமையாக வரிசைப்படுத்திக் கொடுத்தேன்.

அவர் சென்னைக்குக் கிளம்பும்போது பார்த்தால், எங்கள் தறியில் சேலைக்குப் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டு அட்டைகளைப் போலவே எல்லாவற்றையும் குத்தூசியால் துளைத்து, நூலில் கோத்திருந்தார்.

"என்னண்ணே இது?"

"கோக்காம விட்டா மறுபடி கலைஞ்சிரும்ல, புள்ள. நெசவுக்காரன் மகனுக்கு இது தெரியாதா?"

படித்தவர் சொல்கிறாரே என்று நம்பிவிட்டேன். அப்படி நம்பியதில் என்மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

கல்லூரியில் நூலை உருவிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார். குத்தூசித் துளைகளையும் எழுத்தென்றே எண்ணிய கணிப்பொறி, முதல் அட்டையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பருவத்து வாய்ப்பு அதோடு போயிற்று.

அடுத்த விடுமுறையில் அப்பா அந்த அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொண்டா லே, நம்ம தறியில மாட்டுவோம். சேலையாச்சும் விழும்."

அண்ணன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது அவருடைய புதிய அட்டைகளுக்கு நானே பென்சிலால் வரிசையெண் இடுகிறேன். அவர் சென்னைக்கு பஸ் ஏறும்வரை, வீட்டுக் குத்தூசி என் பெட்டிக்குள் பூட்டியிருக்கும்.