முப்பத்தொரு சோதனையும் இரண்டாவது மைக்கும்

எங்கள் அலுவலகக் குழுவில் பன்னிரண்டு பேர். அவர்களில் ஐந்து பேர் பாட்காஸ்ட் நடத்துகிறார்கள். மன அமைதியைப் பற்றிப் பேசுகிறவரைப் போல எரிந்து விழும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஓட்டப் பயிற்சியைப் பற்றிப் பேசுகிறவர் லிஃப்ட் பழுதான அன்று வீட்டிலிருந்தே வேலை செய்வார். இப்படிப்பட்ட பெங்களூரில் ஆறாவதாக நானும் தொடங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றியது. ஒரே குறை, எனக்குச் சொல்ல எதுவுமில்லை. மாடி வீட்டு அக்காவுக்கு இருந்தது.

அக்கா இதே ஊரில் நீலசந்திராவில் பிறந்தவர். விவேக் நகரில் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, குறித்து வைத்திருக்கிறேன். ஓர் ஆஸ்பத்திரியின் ஓபியில், அதாவது வெளிநோயாளிகள் பிரிவில், டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதுதான் இருபத்தெட்டு வருடமாக அவர் வேலை. ஒலிபெருக்கி கிடையாது. கதவருகே நின்று, "நாப்பத்திரெண்டு, நலவத்தெரடு, பயாலிஸ், ஃபார்ட்டி டூ" என்று ஒரே மூச்சில் நான்கு பாஷையிலும் சொல்வார். கூடத்தின் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார்.

அந்த அக்காவுக்குத் தைராய்டில் கட்டி. ஆபரேஷன் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே குரலுக்கான நரம்பு ஓடுகிறதாம். குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம், மாறினால் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் எல்லாப் பக்கமும் கதவைத் திறந்து வைத்துப் பேசியிருக்கிறார். ஆபரேஷனுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. அதற்குள் அவர் குரலைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று நான் முடிவெடுத்தேன்.

"இப்பவே வா தம்பி, டீ போடறேன். போன்ல புடிச்சிக்க" என்றார் அக்கா.

போனில் பிடிப்பதாவது! அதில் ஒலி எப்படித் தரமிழக்கிறது என்று அவருக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். அன்று அந்தப் பத்து நிமிடத்தில் அவர் பாதிக் கதையைச் சொல்லி முடித்திருப்பார்.

மறுநாளே ஆடியோ இன்டர்ஃபேஸ் வந்தது. மைக்கில் விழும் குரலைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னக் கறுப்புப் பெட்டி. முன்புறம் மைக் செருக இரண்டு துளைகள்; ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தது. முதல் துளையில் என் மைக், இரண்டாவதில் விருந்தினர் மைக். ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. குரல் வந்தால் பச்சை, கத்தினால் சிவப்பு.

பின்னறையை ஒலிக்கூடம் ஆக்கினேன். ஜன்னலில் ஜமுக்காளம், கதவிடுக்கில் துண்டு, சுவரில் திருமணத்துக்குப் பரிசாக வந்த போர்வைகள். ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கில் கலக்கக் கூடாது என்று படித்ததால், மேசை நடுவே தலையணைகளை அடுக்கி மதில் கட்டினேன். ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகப் போர்வை மிஞ்சுமா என்று மனைவி கேட்டாள். கலைக்காக நான் எதையும் துறக்கத் தயார் என்றேன். "செவுத்துல உங்க போர்வைய மட்டும் காணோமே, கட்டில்லயே இருக்கு" என்றாள்.

பிறகு சோதனைகள். நோட்டில் கட்டம் போட்டு நாள், நேரம், மின்விசிறி ஓடியதா நின்றதா, குக்கர் விசில் எத்தனை, எல்லாம் எழுதினேன். வியாழக்கிழமைகளில் சர்ச்சின் நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டத்தால் தெரு நிரம்பும்; ஆட்டோக்காரர்களின் கை ஹாரனை விட்டு நகராது. ஆகவே வியாழன் நீக்கம். சனிக்கிழமை பக்கத்து வீட்டில் மிக்சி. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் விவேக் நகர் பிரியாணி உண்டு கண்ணயர்கிறது என்பதைப் பதினேழாம் சோதனையில் நிறுவினேன். மொத்தம் முப்பத்தொரு சோதனை. அக்கா இடையில் நான்கு முறை எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன் நான்கு முறையும்.

ஆபரேஷன் புதன்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு, இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அக்கா தலையணை மதிலுக்கு அப்பால் உட்கார்ந்தார். மின்விசிறி இல்லாததால் முந்தானையால் விசிறிக்கொண்டார். உராயும் சத்தம் விழும் என்று அதையும் தடுத்தேன். விளக்குகள் இரண்டும் பச்சையாக மின்னின. ஐம்பத்தொரு நிமிடம் பேசினார். முதல் நாள் வேலைக்குப் போனபோது குரலே எழும்பாமல் அழுதது, எண் தெரியாத கிழவிகளின் கையைப் பிடித்து அழைத்துப் போனது, ஒருமுறை கூப்பிட்ட டோக்கனுக்கு யாரும் வராமல் திரும்பிப் பார்க்க, அந்த ஆள் பெஞ்சிலேயே இறந்து கிடந்தது. அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. அப்படியொரு பேச்சை நான் அதுவரை நேரில் கேட்டதில்லை.

மாலை ஆறு மணிக்கு மனைவியையும் உட்காரவைத்துப் பதிவை ஓடவிட்டேன்.

என் குரல் கணீரென்று வந்தது. அக்காவின் குரல் கிணற்றடியில் யாரோ முணுமுணுப்பது போல இருந்தது. கணினியில் பதிவுக்கு முதல் துளையை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பெட்டியின் விளக்குக்கும் கணினியின் பதிவுக்கும் சம்பந்தமில்லை. குரல் பெட்டிக்கு வந்தால் விளக்கு எரியும், அவ்வளவுதான். முப்பத்தொரு சோதனையையும் நான் தனியாக, என் மைக்கில், என் குரலை வைத்தே செய்திருக்கிறேன். என் மைக்கில் ஒட்டுக்கேட்டாவது கொஞ்சம் விழுந்திருக்க வேண்டிய அக்காவின் குரலைத் தலையணை மதில் மிகத் திறமையாகத் தடுத்திருந்தது.

ஐம்பத்தொரு நிமிடமும் நான்தான். "அது ஆகஸ்டா, செப்டம்பரா?" மௌனம். "திங்கட்கிழமையா?" மௌனம். "உறுதியாகத் தெரியுமா?" அந்த மனிதர் பெஞ்சில் இறந்து கிடந்த இடத்தில், "அவர் டோக்கன் எண் நினைவிருக்கிறதா?" என்று ஒருவன் தெள்ளத் தெளிவாகக் கேட்டான்.

"போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்த மாதிரி இருக்குங்க" என்று சிரித்தாள் மனைவி. பிறகு சிரிக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை காலைல அட்மிட் ஆகறாங்க, தெரியும் இல்ல?"

திங்கள் மாலை மாடிக்குப் போனேன். அக்கா பையில் நைட்டி, ஃபிளாஸ்க், ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். துளை, விளக்கு என்று விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்ணுமே விழலியா?"

"என் குரல் விழுந்திருக்குக்கா."

"அது தெனமும்தான் விழுது" என்றார். ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி வைத்தார். "அதெல்லாம் மறுபடி சொல்ல முடியாது தம்பி. அந்தாளப் பத்திச் சொன்னதுக்கே நேத்து எனக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல. வேணும்னா டோக்கன் கூப்பிடறேன். எடுத்துக்க."

பெட்டியையும் ஒரே ஒரு மைக்கையும் மாடிக்குத் தூக்கிப் போனேன். முதல் துளையில் செருகினேன். போர்வை இல்லை, மதில் இல்லை. மின்விசிறி ஓடியது. அக்கா சோபாவிலிருந்து எழுந்து, வாசற்கதவருகே போய் நிலையில் ஒரு கையை வைத்து நின்றுகொண்டார். ஒன்றிலிருந்து தொடங்கினார். நான்கு பாஷையிலும், மூச்சு விடும் இடம் தெரியாமல். ஆட்டோ ஹாரன், குக்கர், எதிர்வீட்டு டிவி எல்லாவற்றின் மேலும் ஏறி நின்றது குரல். கணினித் திரையில் கோடு எழுவதை மட்டும் பார்த்துக்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. அறுபதில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். "போதும். ஓபி மூடியாச்சு" என்றார்.

பன்னிரண்டு நாள் கழித்து அக்கா வீடு திரும்பியிருந்தார். கழுத்தில் கட்டு. குரல் வந்தது, ஆனால் காற்றாக; கதவுக்கு அந்தப் பக்கம் கேட்காது. மூன்று மாதம் பார்ப்போம் என்றாராம் டாக்டர். ஹெட்ஃபோனை அவர் காதில் வைத்துப் பதிவை ஓடவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். இருபதைத் தாண்டியும் கேட்டார், முப்பதைத் தாண்டியும் கேட்டார். அழுவார் என்று நினைத்து நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் குனிந்து காதைக் கொடுக்கும்வரை காத்திருந்து சொன்னார்:

"இவ்ளோ வேகமாவா கூப்பிட்டேன்? பாவம், கால் நோவுதுன்னு வந்ததுங்க எப்பிடி எந்திரிச்சி வந்திருக்கும்."