மணி அடிக்காத வியாழக்கிழமை

மதலேனம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். பாலக்கரையில் அவள் தெருக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டால், குழாயடியில் முந்திக்கொண்டு குடம் வைத்தவர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார்கள்.

அவள் புருஷன் பிலோமின்ராஜ் மூட்டை சுமந்தவன். ஒரு மழை நாளில் மூட்டையோடு சறுக்கி விழுந்ததில் இடுப்பு போயிற்று. அன்று முதல் கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி குடும்பத்துக்கு உத்தரவு போடுவதுதான் அவன் உத்தியோகம். மூன்று பிள்ளைகள். யுத்த காலம் வேறு. விடியுமுன் தண்ணீருக்கு ஒரு வரிசை, விடிந்ததும் அரிசிக்கு ஒரு வரிசை. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு எட்டு மணிக்குள் வரகனேரி சுருட்டுக் கம்பெனிக்கு ஓட வேண்டும்.

அங்கே புகையிலையின் நடு நரம்பைக் கிழித்தெடுப்பது பெண்கள் வேலை. இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கிழித்துப் போட்டால்தான் எதிர்ப்பக்கம் ஆண்கள் சுருட்டு சுற்ற முடியும். தகரக் கூரை, புகையிலைத் தூள், ஓயாத இருமல். சோற்றுக்கு ஒரு மணிக்குத்தான் விடுவார்கள்.

ஆனால் பன்னிரண்டுக்கு மாதா கோயில் மணி கேட்கும். காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று வேளையும் அடிக்கிற திரிகால ஜெப மணி. கேட்டதும் மதலேனம்மாள் கையிலிருக்கும் இலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி முணுமுணுவென்று ஜெபம் சொல்வாள். எல்லாம் இரண்டே நிமிஷம். அந்த இரண்டு நிமிஷம் அவள் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, தாய் இல்லை, கூலிக்காரியும் இல்லை. விடிந்ததிலிருந்து அவளிடம் எதையும் கேட்காத ஒரே ஆள் அப்போது எதிரே நிற்பதாக அவளுக்குத் தோன்றும். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது கரையும். சந்தோஷம் என்று அவள் அறிந்தது அதைத்தான். மறுபடி உட்கார்ந்து இலையை எடுக்கும்போது கை லேசாக இருக்கும்.

அங்கே வேலை வாங்குகிற பிச்சை மேஸ்திரிக்கு இது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. பட்டாளத்துக்குப் பெட்டி பெட்டியாகச் சுருட்டு போய்க்கொண்டிருந்த நேரம் அது. மாசி மாதத்தில் ஒரு நாள் முதலாளியிடம் விஷயத்தைக் கொண்டுபோய் விட்டார்.

"இடம் குடுத்தா மடம் புடுங்குற கதையால்ல இருக்கு, முதலாளி! நாளைக்கு ஒவ்வொருத்தியும் ஒரு சாமி பேரைச் சொல்லிட்டு எழுந்து நிப்பா. அதுவும் இவளுக்கு அடிக்காத மணியெல்லாம் காதுல கேக்குது."

முதலாளி குத்புதீன் ராவுத்தர் தினமும் நேரம் தவறாமல் தொழுகிறவர். ஆர்டர் தவறுவதும் அவருக்குப் பிடிக்காது. மதலேனம்மாளையும் கூப்பிட்டு வைத்து, தாடியைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"மணி அடிச்சா நிக்கட்டும், அதைத் தடுக்காதீங்க. மணி அடிக்காம நின்னா அன்னைக்கோட வேலை போச்சு. சம்மதமாம்மா?"

"சம்மதங்க, முதலாளி" என்றாள் மதலேனம்மாள். மேஸ்திரியின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்த சந்தோஷத்தில் வேறெதையும் அவள் யோசிக்கவில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும். அந்த வருஷம் ஈஸ்டர் ரொம்பத் தள்ளி, சித்திரை வெயிலில் வந்தது. குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் அடைக்கலம் எழுந்து, அந்த வாரத்து ஏற்பாடுகளைச் சொன்னார்.

"பெரிய வியாழக்கிழமை காலைப் பூசையோட மணிங்க ஓஞ்சுடும். சனிக்கிழமை வரைக்கும் மரக்கட்டையைத்தான் தட்டுவோம்."

மதலேனம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆண்டவர் பாடுபட்ட நாட்களுக்குத் துக்கமாக மணியை நிறுத்துவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கெல்லாம் தெரிந்த சங்கதி. பிறந்ததிலிருந்து பார்த்துவந்த வழக்கத்தை மறந்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாளே! கட்டைச் சத்தம் கோயில் தெருவைத் தாண்டிக் கேட்காது. பெரிய வெள்ளிக்கிழமை எப்படியும் வேலைக்குப் போகமாட்டாள். சனிக்கிழமை காலையில் மணி திரும்பிவிடும். வியாழக்கிழமைதான் இடித்தது.

ராவுத்தரோ புகையிலை வாங்கத் திண்டுக்கல் போயிருந்தார். திங்கட்கிழமை மேஸ்திரியிடமே விளக்கிச் சொன்னாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பேச்சுன்னா பேச்சுதான், மதலேனா. மணிக்கு லீவுன்னா நீ நிக்கிறதுக்கும் லீவு."

வீட்டில் பிலோமின்ராஜ் கட்டிலில் இருந்தபடி யோசனை சொன்னான். "ஒரு நாள் உக்காந்துக்கிட்டே சொல்லேன். மாதா என்ன கோவிச்சுக்கவா போறா?"

"மாதா கோவிச்சுக்க மாட்டா. நான்தான் என் மேல கோவிச்சுக்குவேன்."

"இல்லாட்டி அன்னைக்கு வேலைக்குப் போகாத."

"ஒளிஞ்சுக்கச் சொல்றீங்களா?" என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பயமில்லாமல் இல்லை. மூன்று பிள்ளைகளின் வயிறும் அந்தக் கம்பெனியை நம்பித்தான் இருந்தது. உட்கார்ந்தே சொன்னாலும் ஜெபம் ஜெபம்தான், அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் மேஸ்திரியின் சிரிப்புக்காக உட்கார்ந்தால், இத்தனை வருஷம் நின்றது வெண்கலத்துக்கு நின்றதாக ஆகிவிடாதா? அவள் நின்றது மணிக்காக அல்லவே.

வியாழக்கிழமை வந்தது. பன்னிரண்டு நெருங்கும்போது மேஸ்திரி சுவர்க் கடிகாரத்துக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சுருட்டு சுற்றுகிறவர்கள் கூட வேலையைப் பார்த்தபடியே ஓரக்கண்ணால் கவனித்தார்கள். கடிகாரம் பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. கோயில் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மதலேனம்மாள் இலையைக் கீழே வைத்தாள். எழுந்து நின்று முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

"மணி அடிக்கலையே?" என்றார் மேஸ்திரி.

"அடிக்காதுங்க. ஆண்டவருக்காக அதுகூட இன்னைக்கு வாயை மூடிக்கிட்டிருக்கு. அதனாலதான் நான் சத்தமாச் சொல்லப்போறேன்."

என்றும் முணுமுணுக்கிறவள் அன்று கொட்டகை முழுவதும் கேட்கும்படி சொன்னாள். மேஸ்திரி நடுவில் இரண்டு தடவை "கிளம்பு, கிளம்பு" என்று அதட்டினார். அவள் ஒரு வார்த்தையைக் கூட விழுங்கவில்லை. முடித்து, சிலுவை அடையாளம் போட்டு, புடவையிலிருந்த புகையிலைத் தூளை அங்கேயே நன்றாக உதறிவிட்டுத்தான் வாசலைத் தாண்டினாள்.

நேரே வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. வெயிலில் நடந்து கோயிலுக்குப் போனாள். ஓரப் பீடத்தில் பூவும் மெழுகுவர்த்தியுமாக அலங்கரித்து, ஆண்டவரின் உடலாக வணங்கும் அப்பமான நற்கருணையை வைத்திருந்தார்கள். அன்று முழுவதும் முறை போட்டு விழித்திருந்து ஜெபம் செய்வது வழக்கம். ஏழெட்டுப் பெண்கள் முழங்காலில் இருந்தார்கள். மதலேனம்மாள் தூணோரமாக உட்கார்ந்தாள்.

"வேலை போச்சு, சாமி. பிள்ளைங்க சோத்துக்கு நீதான் பொறுப்பு" என்று தொடங்கினாள். அடுத்த வார்த்தை வருவதற்குள் கண் செருகிவிட்டது.

எவ்வளவு நேரம் தூங்கினாளோ, தோளைத் தட்டி எழுப்பியவர் உபதேசியார் அடைக்கலம். அவர் முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா மதலேனா, நல்லாயிருக்கா இது? ஆண்டவரோட விழிச்சிருக்க வேண்டிய நாள்ல குறட்டை விட்டுத் தூங்குறியே! அவரைப் பிடிச்சுக்கிட்டுப் போன ராத்திரி சீஷருங்க தூங்கிப்போனதுக்கு அவரு எவ்வளவு வருத்தப்பட்டாரு, தெரியுமில்ல? தூங்கணும்னா வீட்டுக்குப் போ."

மதலேனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பீடத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"வருத்தப்பட்டாரு, உபதேசியாரே. ஆனா எவனையும் வெளிய போகச் சொல்லலையே? பாரம் சுமக்குறவங்க வாங்க, வந்து இளைப்பாறுங்கன்னு கூப்புட்டவரு அவரு. பதினோரு வருஷமா ரெண்டு ரெண்டு நிமிஷமா இளைப்பாறுனேன். இன்னைக்குத்தான் மொத்தமா வந்திருக்கேன். எழுப்பணும்னா அவரே எழுப்பட்டும்."

அதுவரை தூணில் சாய்ந்திருந்தவள், முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, கோயில் தரையில் காலை நீட்டிப் படுத்தாள்.